பேப்பர் பை ஒட்டுவதற்கும் சீனக்குடா வேலைக்கும் என்ன தொடர்பு?

நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வீடு திருகோணமலை உவர்மலையில். தம்பிக்கு 31 வயது. சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 6 வருடம் ஸ்டோர்ஸ் கிளாக்காக இருந்தவர். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லி மருந்து தொடங்கி 8 மாதமாக வீட்டில் இருக்கிறார். ஆள் இல்லாமலே குரல் கேட்பது நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் இரவு 10 மணிக்கு அதற்கான ஒலான்சபின் குளிசை போட்டால் மறுநாள் 10 மணி வரை எழும்புவதில்லை. கிளினிக்கில் தொழில்வழிச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அங்கே பேப்பர் பை ஒட்டுகிறார். மனேஜர் "முழுக்கச் சுகமானதும் டொக்டரின் கடிதத்தோடு வரட்டும்" என்கிறார். அம்மா "வேலைக்கு விட்டால் திரும்ப வருத்தம் வந்திடும்" என்கிறார். பை ஒட்டுவதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். எல்லோரும் காத்திருக்கச் சொல்கிறார்கள். எதைக் கண்டதும் காத்திருப்பை முடிக்கலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் பெயர். தொழில்வழிச் சிகிச்சை என்பதில் வரும் 'தொழில்' சம்பளம் வாங்கும் உத்தியோகத்தை மட்டும் குறிப்பதல்ல. விடிய எழும்பிப் பல் தீட்டுவது, குளிப்பது, சந்தையில் மீன் வாங்குவது, பஸ் ஏறுவது, கணக்கு எழுதுவது, பின்னேரம் கூட்டாளிகளோடு கடற்கரையில் இருப்பது என்று ஒருவரின் நாளை நிரப்பும் எல்லாமே அதற்குள் வரும். டொக்டர் வருத்தத்தைப் பார்த்து மருந்து எழுதுவார். தொழில்வழிச் சிகிச்சையாளர் பார்ப்பது, இந்த ஆளால் இந்தக் காரியத்தை இந்த இடத்தில் செய்ய முடிகிறதா, முடியாவிட்டால் எந்தப் படியில் தடக்குகிறது என்பதை. தடக்கும் படி தெரிந்தால் மூன்று வழி உண்டு. ஆளைப் பழக்கலாம், காரியத்தை மாற்றலாம், இடத்தை மாற்றலாம். குடும்பங்கள் முதலாவதை மட்டுமே எதிர்பார்க்கின்றன. வேலைக்குத் திரும்பும் விடயத்தில் மற்ற இரண்டும்தான் பெரும்பாலும் விரைவாகக் கைகொடுக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். வருத்தம் எவ்வளவு குறைந்தது என்பதும் வேலை எவ்வளவு செய்ய முடிகிறது என்பதும் இரண்டு தனித்தனி அளவுகள். 2007இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வில் கடுமையான மனச்சோர்வுள்ள 62 பேர் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு தொழில்வழிச் சிகிச்சையும். மனச்சோர்வு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் குறைந்தது. ஆனால் தொழில்வழிச் சிகிச்சை பெற்றவர்கள் வேலையில் இழந்த நாட்கள் குறைவு. சிறிய ஆய்வுதான், அதுவும் மனச்சோர்வு பற்றியது, மனச்சிதைவு பற்றியது அல்ல. ஆனாலும் வருத்தம் முழுதாகப் போனபின்தான் வேலை வரும் என்ற வரிசை எப்போதும் சரியல்ல என்பதை அது காட்டுகிறது. மனச்சிதைவு பற்றிய பல ஆய்வுகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. ஒருவர் வேலையில் நிலைப்பாரா என்பதைக் குரல் கேட்கிறதா என்பதைவிட, கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது, சொன்னது ஞாபகம் இருக்கிறதா, ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்குகிறாரா என்பவைதான் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன. இடைக்கிடை மெல்லிய குரல் கேட்டுக்கொண்டே ஒழுங்காக வேலை செய்பவர்கள் உண்டு. குரல் முற்றாக நின்றும் 20 நிமிடம் ஓரிடத்தில் இருக்க இயலாதவர்களும் உண்டு.

பேப்பர் பைக்கு வருகிறேன். பை செய்யப் பழகினால் பை செய்ய வரும். அந்தத் திறமை தானாக ஸ்டோர்ஸுக்கு வந்து சேராது. அந்த அளவில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்த மேசையில் ஒரு நல்ல சிகிச்சையாளர் பார்த்துக்கொண்டிருப்பது பையை அல்ல. எத்தனை நிமிடம் எழும்பாமல் இருக்கிறார்? வாயால் சொன்ன மூன்று படிகளை நினைவில் வைக்கிறாரா, எழுதிக் காட்டினால்தான் செய்கிறாரா? யாராவது கூப்பிட்டுத் திரும்பினால், விட்ட இடத்தைத் தானே பிடிக்கிறாரா? பிழை வந்தால் கேட்கிறாரா, மறைக்கிறாரா, எழும்பிப் போய்விடுகிறாரா? முதல் 10 பையில் எத்தனை கோணல், கடைசி 10 பையில் எத்தனை? பக்கத்தில் இருவர் சிரித்துப் பேசினால் கை நிற்கிறதா? இவை ஒவ்வொன்றுக்கும் ஒத்த காரியம் ஸ்டோர்ஸில் நாளாந்தம் நடக்கும். ஆகவே அடுத்த முறை போகும்போது "தம்பி எப்படி?" என்று கேட்காமல் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதில் வந்தால் அது சிகிச்சை. "நல்லா இருக்கிறார், அமைதியா இருக்கிறார்" என்பது மட்டும் பதிலானால், அது நேரம் போக்க ஓர் இடம். அதற்கும் ஒரு பயன் உண்டு, வீட்டு மூலையில் கிடப்பதைவிட மேல். ஆனால் அதை வைத்துக்கொண்டு வேலைக்குத் திட்டம் போட முடியாது. அப்போது அவருடைய வேலை விவரத்தைக் கொண்டுபோய், அதற்குக் கிட்டின பயிற்சியாக மாற்றித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

கொண்டுபோக வேண்டிய வேலை விவரம் "ஸ்டோர்ஸ் கிளாக்" என்ற இரண்டு சொல் அல்ல. அந்த வேலையைப் பிரித்து எழுத வேண்டும். காலை எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்குகிறார், எந்த பஸ், கேற்றில் விரல் அடையாளமா கையெழுத்தா. லொறி வந்தால் இன்வொய்ஸையும் இறக்கும் சாமானையும் ஒத்துப் பார்ப்பது, மூட்டை எண்ணுவது, பெற்றுக்கொண்ட சிட்டை எழுதுவது. தட்டுத் தட்டாகத் தொங்கும் இருப்பு அட்டையில், அதாவது பின் கார்டில், வரவும் செலவும் பதிவது. பகுதிகளிலிருந்து சிட்டையோடு வருபவர்களுக்குச் சாமான் கொடுப்பது. கணினியில் ஏற்றுவது. மாத முடிவில் இருப்பு எண்ணுவது. எழுதியபின் ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விடயம் குறியுங்கள்: எவ்வளவு நேரம் விடாத கவனம் வேண்டும், எத்தனை பேரோடு பேச வேண்டும், அவசரம் உண்டா. பார்த்தவுடனே விளங்கும், பின் கார்ட் பதிவது தனியாக, அமைதியாக, தன் வேகத்தில் செய்யக்கூடியது. லொறி இறக்குவது அதற்கு நேர் எதிர். சாரதி அவசரப்படுத்துவார், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், எண்ணிக்கை நடுவில் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆக, ஒரே பதவிக்குள் இலேசான வேலையும் கடினமான வேலையும் சேர்ந்தே இருக்கின்றன. திரும்பிப் போவது என்பது இலேசானதிலிருந்து கடினமானதுக்கு ஒவ்வொன்றாக ஏறுவது.

அந்த ஏற்றத்தின் முதற்படியை வீட்டிலேயே வைக்கலாம். குசினிச் சாமானுக்குப் பின் கார்ட் போடச் சொல்லுங்கள். அரிசி, மா, சீனி, பருப்பு, தேயிலை, சவர்க்காரம் என்று 10 பொருள். காலையில் அம்மா எடுப்பதை எடைபோட்டுப் பதிவது, மாலையில் மீதியை எழுதுவது, ஞாயிறன்று உண்மையான இருப்பை நிறுத்து அட்டையோடு ஒத்துப் பார்ப்பது. 2 கிழமைக்கு வித்தியாசம் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். கூட்டல் பிழையா, பதிய மறந்ததா, தொடங்கவே மனம் வரவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கூட்டல் பிழை என்றால் கல்குலேட்டர் போதும். மறதி என்றால் அட்டையைப் பாத்திரத்திலேயே தொங்கவிட்டு, நேரத்துக்குத் தொலைபேசியில் அலாரம் வைக்கலாம். தொடங்க முடியாமை என்றால் அது சோம்பல் அல்ல, இந்த வருத்தத்தின் ஒரு பகுதி. அதற்கு நேரம் குறித்து, முதல் 5 நிமிடம் கூட இருந்து தொடக்கிவிட்டு விலக வேண்டும். திட்டினால் பின்னுக்குத்தான் போகும். இது சரிவந்தபின் தெரிந்த பலசரக்குக் கடை ஒன்றில் காலை 2 மணித்தியாலம், கிழமையில் 3 நாள். வெளி ஆட்கள், வெளிச் சத்தம், நேரத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் எல்லாம் அங்கேதான் முதன்முதலாகச் சேரும். ஓரிரு கிழமை போதும். இதை மாதக் கணக்கில் இழுக்க வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

காலை 10 மணித் தூக்கம் உங்கள் கடிதத்தில் ஒரு வரியாக வந்தாலும், எனக்கு அதுதான் முதல் தடை. ஒலான்சபின் போட்டுக் கிட்டத்தட்ட 6 மணித்தியாலத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். இரவு 10க்குப் போட்டால் உச்சம் விடியப்புறம் 4 மணி. இரவு 7:30க்குப் போட்டால் உச்சம் நடுச்சாமத்துக்குச் சற்றுப் பின். மருந்து உடம்பில் பாதியாகக் குறைய சராசரியாக 30 மணித்தியாலம் வரை எடுப்பதால், நேரத்தை இரண்டரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவது பொதுவாக அதன் வேலையைக் கெடுக்காது. ஆனால் இதை டொக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நேரத்தை மாற்றுவதா, அளவைப் பார்ப்பதா, வேறு குளிசையா என்பது அவருடைய முடிவு. நீங்கள் செய்யக்கூடியது, 14 நாளுக்கு மருந்து போட்ட நேரம், நித்திரைக்குப் போன நேரம், எழும்பிய நேரம், தலை தெளிந்த நேரம் என்று நாலு எண்ணைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போவது. கிளினிக்கில் ஆளுக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். "நெடுகத் தூங்குகிறான்" என்பதைவிட அந்த நாலு எண் டொக்டருக்குக் கூடுதலாகச் சொல்லும். தூக்கம் தாங்காமல் குளிசையை நிறுத்திவிட்டு வேலைக்கு ஓடுவது, திரும்ப வார்ட்டில் சேரும் மிக வழமையான வழி.

எப்போது தயார்? நடைமுறையில் பார்ப்பவை இவை. 3, 4 கிழமையாக நித்திரை ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும். வேலை நாளில் எழும்ப வேண்டிய நேரத்துக்குக் கிழமையில் 5 நாளாவது எழும்ப வேண்டும். குளிசையை மற்றவர் ஞாபகப்படுத்தாமல் தானே எடுக்க வேண்டும். 10 நிமிட இடைவேளையோடு 2 மணித்தியாலம் ஒரு காரியத்தில் நிற்க வேண்டும். பஸ்ஸில் தனியாகப் போய்வர வேண்டும். வருத்தம் கூடினால் தனக்கு முதலில் என்ன நடக்கும் என்று அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். இந்த எண்கள் அனுபவத்தால் வந்தவை, ஆய்வால் உறுதியானவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றில் குறைந்தால் கதவு சாத்தப்பட்டது என்று அர்த்தமில்லை. அந்த ஒன்றைத்தான் அடுத்துப் பழக வேண்டும் என்று அர்த்தம். குரல் முற்றாக நிற்க வேண்டும் என்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்தக் குரல் யாரையாவது அல்லது தன்னையே தாக்கச் சொல்கிறதென்றால் மட்டும் கதை வேறு, அது உடனே டொக்டருக்குத் தெரிய வேண்டும்.

அம்மாவின் பயத்துக்கு மரியாதையான பதில் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் 1990களில் ஒரு முறையை வளர்த்தார்கள். நீண்ட காலம் பயிற்சிக்கூடத்தில் வைத்துப் பிறகு வேலை தேடாமல், விரும்பியவரை விரைவாகவே உண்மையான வேலையில் சேர்த்து, வேலையில் இருக்கும்போதே பக்கத்தில் நின்று உதவுவது. லண்டன், சூரிச், சோஃபியா உட்பட ஐரோப்பாவின் 6 நகரங்களில், மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோயுள்ள 312 பேரிடம் இதைப் பரிசோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த முறையில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள், வழமையான முறையில் 28 சதவீதம். அதைவிட அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று: வேலைக்கு விரைவாகப் போன பக்கத்தில் திரும்ப வைத்தியசாலையில் சேர்ந்தவர்கள் கூடவில்லை, குறைவாகவே இருந்தார்கள். வேலை வருத்தத்தைக் கொண்டுவரும் என்பது பொதுவான உண்மை அல்ல. நித்திரையைக் கெடுக்கும் வேலை, அவமானப்படுத்தும் வேலை, ஒரேயடியாக முழுநேரமாக ஏற்றிய வேலை, இவை கொண்டுவரலாம். பயிற்சியை மாதக் கணக்கில் இழுக்க வேண்டாம் என்று மேலே சொன்னதும் இதனால்தான்.

இனிச் சந்தேகமான பகுதி. அந்த 55 சதவீதம் என்பது குறைந்தது ஒரு நாளாவது வேலை செய்தவர்களின் கணக்கு. நிலைத்தவர்களின் கணக்கு அல்ல. அங்கே ஒவ்வொருவருக்கும் வேலை தேடித்தரவும் முதலாளியோடு பேசவும் தனியாக ஓர் ஆள் இருந்தார். திருகோணமலையில் அந்த ஆளின் வேலையில் பாதி உங்கள் தலையில் விழும். இங்கே தொழில் என்றால் கடல், வயல், கடை, கூலி, ஹோட்டல், சில தொழிற்சாலைகள், அரசாங்கக் கந்தோர்கள். அந்த முடிவு அப்படியே இங்கே பொருந்தும் என்று ஒருவராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உங்கள் தம்பிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. புதிய வேலை தேட வேண்டியதில்லை. தெரிந்த வேலை, தெரிந்த இடம், 6 வருட நற்பெயர். புது இடத்தில் தொடங்குபவரைவிட இது பல படி முன்னே நிற்பது.

மனேஜரிடம் கேட்க வேண்டிய திட்டம் இப்படி இருக்கலாம். முதல் 2 கிழமை: 3 நாள், காலை 8:30 முதல் 11:30 வரை, பின் கார்ட் வேலை மட்டும். அடுத்த 2 கிழமை: 4 நாள், 4 மணித்தியாலம், அதே வேலை. 5ஆம், 6ஆம் கிழமை: நேரம் அப்படியே, ஆனால் சாமான் கொடுக்கும் கவுண்டர் சேரும். 7ஆம், 8ஆம் கிழமை: 5 நாள், 6 மணித்தியாலம். அதன்பின்தான் லொறி, முதலில் இன்னொருவரோடு சேர்ந்து. முதல் மாத இருப்பு எண்ணும் நாட்களில் அவரைத் தனியாக விடக் கூடாது. 12 கிழமையில் முழுநேரம். இரவு ஷிப்ட் முதல் 6 மாதத்துக்கு வேண்டாம். கிழமை எண்ணிக்கை கூடலாம், குறையலாம். கூடாதது ஒன்றே: நேரம், வேலை, ஆட்கள் மூன்றில் ஒரு தடவையில் ஒன்றுக்கு மேல் மாற்றக் கூடாது. இரண்டை மாற்றினால் பிழை எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு கிழமை மோசமாகப் போனால் முந்தின படிக்கு இறங்குங்கள். வீட்டுக்கு இறங்க வேண்டாம்.

திட்டம் பிழையாகிப்போகும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை நாலைந்துதான், திரும்பத் திரும்ப அவையேதான். முதலாவது, இரண்டு கிழமை நன்றாகப் போனதும் மகிழ்ச்சியில் மூன்றாவது கிழமை முழுநேரமாக ஏற்றிவிடுவது. புது உற்சாகம் வடிந்து களைப்பு வெளியே தெரிவது அநேகமாக மூன்றாவது நாலாவது கிழமையில்தான். இரண்டாவது, இரக்கப்பட்டு "நீ சும்மா கேற்றடியில் இரு" என்பது. வேலையே இல்லாமல் 4 மணித்தியாலம் தனியாக இருப்பது இந்த வருத்தமுள்ளவருக்கு மிகக் கடினமான வேலை. வெறும் நேரத்தில்தான் சந்தேகமும் குரலும் இடம் பிடிக்கும். மூன்றாவது, பேசி ஒத்துக்கொண்ட சுப்பர்வைசர் மாறிப்போவது. புதியவருக்கு ஒன்றும் தெரியாது, முதல் நாளே லொறிக்கு அனுப்புவார். அதனால் திட்டம் ஒரு தாளில் எழுதப்பட்டு, திகதி போட்டு, இரு பக்கமும் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நாலாவது, தேத்தண்ணி நேரம். வேலையில் நிற்பவர்கூட அந்த 15 நிமிடத்தில் உடைந்து போவார், ஏனென்றால் அங்கே என்ன செய்வது என்று எழுதிவைத்த ஒழுங்கு ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். முதல் மாதம் ஒரு நம்பிக்கையான கூட்டாளியோடு இருந்து குடிக்க ஒழுங்கு செய்யுங்கள்.

அந்தக் கேள்விகளுக்கு ஒரு வசனத்தை வீட்டில் பலமுறை சொல்லிப் பழகட்டும். "கொஞ்சக் காலம் சுகமில்லாமல் இருந்தது. மருந்து எடுக்கிறன், இப்ப பரவாயில்லை. உங்கட பாடு எப்படி?" அவ்வளவு போதும். கடைசிக் கேள்வி முக்கியம், அது பேச்சை மற்றவர் பக்கம் திருப்பும். நம்முடைய ஊர் சின்னது. 8 மாதம் காணாமல் போனவரைப் பற்றி ஏற்கனவே ஏதாவது கதை ஓடியிருக்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்று மறைத்தால் அந்தக் கதை வளரும். நோயின் பெயரைச் சொன்னாலும் வளரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வசனம் அது. எவ்வளவு சொல்வது என்ற முடிவு தம்பியுடையது. அவருக்குத் தெரியாமல் நீங்களோ அம்மாவோ போய்ச் சொல்லாதீர்கள்.

மனேஜருக்கும் நோயின் பெயர் தேவையில்லை. என்ன செய்யலாம், எதை இப்போதைக்குச் செய்யக் கூடாது என்பதுதான் தேவை. "வேலைக்குத் தகுதியானவர்" என்ற ஒற்றை வரிக் கடிதம் கெடுதலே செய்யும், முதல் நாளே முழுச் சுமையும் ஏறும். டொக்டரிடம் கேட்க வேண்டிய கடிதத்தில், எந்தத் திகதியிலிருந்து படிப்படியாகத் திரும்பலாம், தொடக்க நேரம், தவிர்க்க வேண்டியவை, கிளினிக் நாள்களுக்கு லீவு, திரும்பப் பார்க்கும் திகதி ஆகிய ஐந்தும் இருக்கட்டும். தொழில்வழிச் சிகிச்சையாளர் வேலை விவரத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு அதற்கு நல்ல துணை. முடிந்தால் அவர் ஒரு தடவை ஸ்டோர்ஸைப் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது, அதுவும் தம்பியின் சம்மதத்தோடு.

சட்டப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. "விலகல் கடிதம் தந்துவிட்டுச் சுகமானதும் புதிதாக விண்ணப்பியுங்கள்" என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் கையெழுத்து வைக்காதீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஊழியரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியோ வேண்டும். விலகல் கடிதம் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களாகவே கைவிடுகிறீர்கள். வலுவிழந்தோரை வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் சொல்கிறது. ஆனால் மேலே சொன்ன 3 மணித்தியாலத் தொடக்கம் போன்றவை பெரும்பாலும் நல்ல பேச்சினால்தான் கிடைக்கும், வழக்கினால் அல்ல. இப்போது அவர் பெயர் சம்பளப் பட்டியலில் எந்த நிலையில் இருக்கிறது, எந்த லீவாகப் பதிந்திருக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வையுங்கள். சிக்கல் என்றால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள்.

இதை வாசிக்கும் மற்ற வீட்டுக்காரருக்காகவும் கொஞ்சம். எல்லோருக்கும் ஸ்டோர்ஸ் வேலை இல்லை. கடலுக்குப் போகிறவர் என்றால், இரவுக் கடலும் இயந்திரப் படகும் கடைசிப் படி. கரைவலை இழுப்பது முதற்படிக்கு நல்லது, பல கைகள் சேர்ந்து செய்யும் வேலை, ஒருவர் களைத்தால் விலகலாம், கால் கரையில் இருக்கிறது. வலை பொத்துவது அதற்கும் முந்தின படி. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர் வெயிலில் வியர்க்க வேலை செய்தால் தண்ணீர் குடிப்பதிலும் சாப்பாட்டு உப்பைத் திடீரென்று குறைக்காமல் இருப்பதிலும் கவனம் வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். கைநடுக்கம் கூடி, வயிற்றோட்டமும் தள்ளாட்டமும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாரி நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், புரூபன் போன்றவையும் லித்தியத்தை ஏற்றும், கேட்காமல் போடக் கூடாது. இருமுனை நோய், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறுவதும் இறங்குவதுமான நோய், உள்ளவருக்கு நித்திரை குலைவதே வருத்தத்தைத் தொடக்கிவிடும், ஆகவே நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் சீசன் நேர இரவு வேலை அவருக்கு ஏற்றதல்ல. கூட்டம் குறைந்த மாரி மாதங்களில் பகல் வேலையில் தொடங்கி, சீசன் வருமுன் பழகிக்கொள்வது நல்ல ஒழுங்கு. தூக்கம் தரும் மருந்தைத் தொடங்கியவர், அளவு மாற்றியவர் ஓட்டோவையோ மோட்டார் சைக்கிளையோ டொக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் உளநல வைத்திய அலுவலர் யார் என்று கேட்டுத் தொடங்குங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் கிட்டத்தில் இல்லாவிட்டாலும் வேலையைப் பிரித்து எழுதுவதையும் படித்திட்டத்தையும் அவரோடு சேர்ந்து செய்யலாம்.

வேலை தொடங்குமுன் தம்பியோடு இருந்து இன்னொரு தாள் எழுத வேண்டும். போன தடவை வருத்தம் வரும்போது முதல் 2 கிழமையில் என்னென்ன மாறியது? இரண்டு இரவு தொடர்ந்து 5 மணித்தியாலத்துக்குக் குறைந்த நித்திரை, எண்ணிய சாமானையே நாலைந்து தரம் திரும்ப எண்ணுவது, மற்றவர் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது போல ஆளுக்கு ஆள் வேறுபடும். அதில் மூன்றைத் தெரிந்து எழுதி, வீட்டில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர் பார்க்க வேண்டும். இரண்டு சேர்ந்து வந்தால் அன்றே கிளினிக்குக்கு அழைப்பு, 3 நாள் நேரத்தைப் பாதியாக்குவது என்று முன்பே முடிவெடுத்து வையுங்கள். அவசரத்தில், முக்கியமாக உயிரை மாய்க்கும் எண்ணம் தெரிந்தால், 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் இரவு பகலாக இருக்கிறது. வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கும் தயங்காமல் கூட்டிப்போங்கள்.

நான் அவரைப் பார்க்கவில்லை, ஆகவே எத்தனையாம் திகதி போகலாம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று அதைப் பெரிதும் மாற்றும். வருத்தம் தொடங்கிய நாட்களில் அவருடைய பயம் அந்த ஸ்டோர்ஸைச் சுற்றி இருந்ததா? தேத்தண்ணியில் ஏதோ போடுகிறார்கள், கணக்கை மாற்றி மாட்டப் பார்க்கிறார்கள் என்பது போல ஏதாவது சொன்னாரா? உண்மையிலேயே அங்கே யாராவது அவரை நோகடித்தார்களா? இப்போது சீனக்குடா என்ற சொல்லைக் கேட்டால் முகம் எப்படிப் போகிறது? "ஆம்" என்றால் அதே தொழிலை வேறு இடத்தில், அல்லது அதே இடத்தில் வேறு பகுதியில் தொடங்குவதைப் பற்றி முதலில் பேச வேண்டும். ஒரு பின்னேரம் ஆறுதலாக இருந்து அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதையும் 14 நாள் நித்திரைக் கணக்கையும் இங்கே எழுதினால், மேலே சொன்ன படிகளில் எதில் தொடங்குவது என்று சேர்ந்து பார்க்கலாம்.